அண்ணன் உருவிய கட்டை

எங்கள் பக்கத்தில் லாரி தலைகாட்டாத காலம். மலையிலிருந்து மாட்டுவண்டியில் வரும் தேக்குத் தடிகளை மேட்டு டிப்போவில் இறக்கி, அங்கிருந்து குளச்சல் கடற்கரைக்குத் தண்டவாளத்தில் விடுவார்கள். எஞ்சின் கிடையாது. சரிவில் டிராலி தானே ஓடும். பிரேக் பிடிக்க ஒரு ஆள் மேலே நிற்பான். என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை. மழையில் சக்கரம் வழுக்குமென்று தண்டவாளத்தில் காய்ந்த மணல் தூவுவது என் வேலை. எங்கள் இரண்டு பேரையும் மேய்த்த கங்காணி என் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தவனும் அவன்தான், நாசமாய்ப் போனவன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, வைத்திருந்த மணலெல்லாம் சேறாகிவிட்டது. மழை வெறிக்கட்டும் என்றார் இவர். கடலில் கப்பல் காத்துக் கிடக்கிறதென்று அண்ணன் குதித்தான்.

"பொண்டாட்டிக்க மணலு இல்லாம எறங்க மாட்டியாலே, பேடிப் பயலே?" என்று எல்லார் முன்னாலும் இவரைக் கன்னத்தில் அறைந்தான். இவர் விறுவிறுவென்று டிராலியில் ஏறிவிட்டார். அடி வாங்கிய ஆம்பளைக்கு ரோஷம்தானே பெரிது, உயிர் கிடக்கிறது!

நான் போய் டிராலிக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணே, எனக்க மேல ஏத்திட்டுப் போவட்டு."

"எந்திரிட்டி, மூதேவி!"

தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சரளைக்கல்லில் எறிந்தான். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. நான் எழுந்திருக்குமுன், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைத் தன் கையாலேயே உருவினான்.

டிராலி போனது. பிரேக் அலறியது, சக்கரம் பிடிக்கவில்லை. வளைவில் தடிகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு உருண்டன. நான் ஓடிப்போனபோது இவருடைய கைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஐயோ, விரல்கள் அப்போதும் அசைந்துகொண்டிருந்தன. தடியைப் புரட்ட முதலில் வந்து விழுந்தவன் அண்ணன்தான். அகப்பட்ட கல்லால் அவன் மண்டையில் அடித்தேன். ரத்தம் வழிய வழியப் புரட்டினான். புரட்டி முடித்தபோது விரல்கள் நின்றுவிட்டன.

காரியத்தன்று, தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச்சேலை வரவேண்டும். எனக்குப் பிறந்த வீடென்றால் அவன் ஒருத்தன்தான். தலையில் கட்டோடு வந்து, குனிந்தபடி வெள்ளைச் சேலையை நீட்டினான்.

"வாங்கிக்கோட்டி மக்கா," என்றார்கள் கூடியிருந்த பெண்கள்.

வாங்கினேன். வாங்கி, அவன் கழுத்தில் சுற்றி இறுக்கினேன். கண் பிதுங்கியது. பெண்களெல்லாம் சேர்ந்துதான் என் பிடியை விடுவிக்க முடிந்தது. என்னைத் தூக்கியெறிய அவனுக்கு ஒரு கை போதும். அவன் கையைத் தூக்கவேயில்லை. சாகத்தான் வந்திருந்தான், பாவி.

அந்தச் சேலையைத்தான் பிறகு உடுத்திக்கொண்டேன். வேறு கொண்டுவர எனக்கு யார் இருந்தார்கள்?