ஹெல்மெட் ஞானதாஸுக்குப் பொன்னாடை

போன மாதம் எங்கள் ஊர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். நான் செய்த முட்டாள்தனங்களில் பலவற்றை நீங்கள் இதே பக்கத்தில் படித்துச் சிரித்திருக்கிறீர்கள். இது அவை எல்லாவற்றுக்கும் மேலே.

பொன்னாடை பெற்றவர் என் நண்பர். பெயர் ஞானதாஸ் என்று வைத்துக்கொள்வோம். எழுதட்டுமா என்று கேட்டதற்கு நிபந்தனை போட்டார். "பேரை மாத்தணும், ஊரை மாத்தணும். பின்ன, என்னைக் கொஞ்சம் உயரமா எழுதணும்."

ஆகவே, ஆறடி உயரமுள்ள ஞானதாஸ், திற்பரப்புக்குப் பக்கத்தில் எங்கோ இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறார். அவரே மரம் மரமாகப் போய்ப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார்.

ரப்பர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் பாலோடு தண்ணீரும் சேர்ந்துவிடும் என்பதால் அன்றைக்கு லீவு. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். ஞானதாஸ் மட்டும் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு தங்கப்பன் அண்ணனின் சாயாக்கடைக்கு வந்துவிடுவார்.

ஹெல்மெட்டோடு. முகம் முழுக்க மூடுகிற, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட். வந்த பிறகும் கழற்ற மாட்டார். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கி, சாயாவை ஆறவைத்து, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார். சர்பத்துக்கு வாங்கிய ஸ்ட்ராவில் ஒன்றைத் தங்கப்பன் அண்ணன் அவருக்கென்றே எடுத்து வைப்பார்.

இதைப் பார்த்தால் மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? ஏதோ சரியில்லை என்று தோன்ற வேண்டும். எங்களுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு.

மன்றத்தின் செயலாளர் அடியேன்தான். "சாயா குடிக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர் இந்தியாவிலேயே இவர் ஒருத்தர்தான். நம்ம ஊருக்குப் பெருமை" என்று கமிட்டியில் முன்மொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. ஞானதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "மக்கா, என்னை விட்டிரு." தன்னடக்கம் என்று நினைத்தேன். நோட்டீஸில் 'ஹெல்மெட் வீரர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டோம்.

விழா மேடையில் போட்டோகிராபர் கெஞ்சினார். "அண்ணே, ஒரே ஒரு போட்டோவுக்குக் கழத்துங்க." ஞானதாஸ் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடியது. கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது. "கண்டியா... மேடையில கூட கழத்த மாட்டேங்கான்" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னாடை போர்த்திய பத்தாவது நிமிடம் அவருக்கு மூச்சு முட்டியது. மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைத்து, நானே ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

இடது கண் வீங்கி மூடியிருந்தது. காதுக்கு மேலே நாலு தையல்.

"என்னடே இது?"

"சக்கை விழுந்தது."

சக்கை என்றால் பலாப்பழம். எங்கள் பக்கம் அது தலையில் விழுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் விழா நடந்தது கார்த்திகையில்.

"எந்த மரத்துலடே இப்போ சக்கை? இன்னும் பிஞ்சே விடல்லியே."

கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "என் வீட்டுக்காரிதான். குக்கர் மூடி."

நான் சிரித்துவிட்டேன்.

ஆமாம்... சிரித்தேன். வேண்டுமென்று அல்ல. ஆறடி ஆள், தோளில் பொன்னாடை, கையில் ஹெல்மெட், வாயில் குக்கர் மூடி – தன்னாலே வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எத்தனை பூரிக்கட்டை ஜோக் எழுதியிருக்கிறேன்! மனைவி அடித்தாள் என்று காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கிற அளவுக்குப் பழகிப்போய்விட்டது. அந்த ஜோக்குகளை ஒன்றுவிடாமல் படித்து, "கொள்ளாம் மக்கா, நல்லா இருக்கு" என்று பாராட்டுகிறவரும் ஞானதாஸ்தான்.

அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மறுபடி மாட்டினார். கண்ணாடியை இறக்கினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதுக்குத்தான் மக்கா யாருட்டயும் சொல்லல்ல."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு பொம்பளை இப்படி வந்து நின்னா சிரிப்பியளா?"

"மாட்டேன்."

"பின்ன?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு பூரிக்கட்டை ஜோக் வைப்பேன். இன்று இல்லை.

மறுநாள் மழை. சாயாக்கடையில் ஞானதாஸ் இல்லை. அதற்கு அடுத்த நாளும் மழை, அன்றும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு அவருடைய தோட்டத்துக்கே போனேன். ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கேயும் ஹெல்மெட்.

"சிரிச்சது தப்பு மக்கா. மன்னிச்சிரு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மழையைப் பார்த்தோம். வளவளவென்று பேசியே பிழைப்பு நடத்துகிற எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. 'திருப்பி ஒண்ணு கொடுக்க வேண்டியதுதானே' என்ற அரிய யோசனை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன். கடைசியில் அவரே பேசினார்.

"அடி ஆறிரும் மக்கா. அடிச்சிட்டு அவ ஒண்ணு சொல்லுவா. 'போய் வெளியில சொல்லு, எவன் நம்புவான்னு பாப்போம்.' எட்டு வருசமா சொல்லுகா. அன்னைக்கு நீ சிரிச்சியா... அவ சொன்னது சரிதான்னு ஆயிப்போச்சு."

அந்தக் குக்கர் மூடியால் என்னை நாலு போடு போட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

வாசகிகள் சிலர் இப்போதே பேனாவைத் திறப்பது எனக்குத் தெரிகிறது. பெண்கள் வீட்டுக்குள் படும் பாட்டை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதியும் இருக்கிறேன். ஞானதாஸின் நாலு தையல் அதில் ஒன்றையும் பொய்யாக்காது. அடி வாங்கியவர் மீசை வைத்திருக்கிறாரா என்று தையலுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது ஞானதாஸ் எங்கள் மாடி அறையில் இருக்கிறார். டாக்டரிடம் முதலில் சக்கைக் கதை சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன், உள்ளதைச் சொன்னார், டாக்டர் உள்ளபடி எழுதிக்கொண்டார். ஒரு வக்கீலம்மாவையும் பார்த்தோம். முழுக்கக் கேட்டார், குறித்துக்கொண்டார், ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. மேற்கொண்டு என்ன என்பதை ஞானதாஸ்தான் முடிவு செய்ய வேண்டும். ஆலோசனை சொல்லத் துடிக்கிற என் வாயை என் மனைவி கவனித்துக்கொள்கிறாள்.

இந்தத் திங்கட்கிழமை நல்ல மழை. ஞானதாஸ் சாயாக்கடைக்குப் போகிறேன் என்றார். நானும் பின்னாலேயே போனேன். பைக்கை நிறுத்தினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி பைக்கின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார்.

கடையில் நாலு பேர். விழாவில் கைதட்டியவர்கள்தான் நாலு பேரும்.

"என்னடே காதுல?" என்றார் ஒருவர்.

அவருக்குப் பதிலாக நானே 'சக்கை' என்று கத்திவிடலாமா என்று பார்த்தேன்.

"வீட்டுல அடி. அவ அடிச்சா" என்றார் ஞானதாஸ்.

கேட்டவருடைய உதடு ஒரு ஓரமாகக் கோணத் தொடங்கியது. தங்கப்பன் அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். உதடு நேரானது. பிறகு அண்ணன் எடுத்து வைத்திருந்த ஸ்ட்ராவை மறுபடி டப்பாவுக்குள் போட்டார்.

"சூடா குடிடே. எத்தனை நாளாச்சு."

ஆகவே வாசகர்களே, வண்டியில் ஏறும்போது கட்டாயம் ஹெல்மெட் போடுங்கள். இறங்கிய பிறகும் கழற்றாத ஆளைக் கண்டால்... பொன்னாடை தேடி ஓடாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள்.