முப்பத்தொரு டிகிரி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை வோல்ட், எத்தனை டிகிரி என்றுதான். அளக்க முடியாத எதையும் நான் நம்பியதில்லை. வீட்டுக்கு ஜெபம் பண்ண வருகிறவர்களையே கேலி பேசி, என் மனைவி ஜெசியிடம் திட்டு வாங்குகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை, மேலே ஒரு கோலி, நடுவில் இரும்பு ஏணி. மேலே தகரக் கூரைக்கு அடியில் என் கம்ப்யூட்டர். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று புராசசரை அதன் அளவுக்கு மேல் ஓட்டுவேன், ஓவர்கிளாக்கிங் என்பார்கள். வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜும் கூட்ட வேண்டும், வோல்டேஜ் கூடினால் சூடு தாறுமாறாக ஏறும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏற்றுவேன், தொண்ணூறு டிகிரியைத் தொட்டால் கும்பிடு போட்டுவிட்டு ஒரு படி இறக்கிவிடுவேன். எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்பேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் காலையில் வடாலா பார்ட்டிக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். பழைய சாமான் விற்கும் காதர் பாயிடம் வாங்கிவந்த புராசசரை மாட்டி, 1.25 வோல்ட்டில் முழு வேலை கொடுத்தேன். திரையில் முப்பத்தொரு டிகிரி. பக்கத்தில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரோ அறையின் சூடே முப்பத்தெட்டு என்றது. ஃபேன் உள்ளே தள்ளுகிற காற்றே முப்பத்தெட்டு, அதைவிடக் குளிர்ச்சியாக எதுவும் இருக்க முடியாது. சென்சார் அவுட் என்று நினைத்து, புராசசரின் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்கைத் தொட்டேன், பானைத் தண்ணீர் போல சில்லென்று இருந்தது.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை, ஜாக்பாட் அடித்த சந்தோஷம்தான். பொறுமையில்லாமல் 1.30 வைத்தேன், 1.35 வைத்தேன். அதே முப்பத்தொன்று.

கீழே இருந்து ஜெசி, "ஏங்க, பிள்ளைக்கு மேலு சுடுது, எறங்கி வாங்களேன்" என்றாள். பிள்ளை என்றால் ஷைனி, ஐந்து வயது, காலையில் சர்ச்சில் ஓடித் திரிந்தவள்.

"வெயில்ல ஆடிருப்பா, மருந்து குடு" என்று சொல்லிவிட்டு 1.40 வைத்தேன்.

"குடுத்த மருந்தையும் கக்கிட்டா! நூத்தி நாலு காட்டுது. அந்தப் பொட்டிய விட்டுட்டு வாறியளா இல்லையா?"

ஆளில்லாமல் ஓடவிடுவது என் பழக்கமில்லை, அதனால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு எரிச்சலோடு இறங்கினேன். டாக்டரிடம் தூக்கிப் போக ஜெசி துண்டு தேடுவதற்குள் ஷைனிக்குக் குப்பென்று வியர்த்தது. தொண்ணூற்றொன்பது. எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

மேலே போய் நோட்டைப் பார்த்தேன். நான் வோல்டேஜைக் கூட்டிய நேரமும் ஜெசி கத்திய நேரமும் ஒன்றாக நின்றன. அவ்வளவு சூடும் எங்கேயோ போயாக வேண்டும் அல்லவா? ஷைனியின் கட்டில் என் மேசைக்கு நேர் கீழே.

இனிச் சொல்வதை ஜெசிக்கு இன்றுவரை நான் சொன்னதில்லை. சரிபார்க்காமல் எதையும் முடிவு செய்யாதவன் இல்லையா நான்? மறுபடி போட்டேன், ஒரே ஒரு தடவை, நேராக 1.40. திரையில் முப்பத்தொன்று. கீழே ஜெசி, "ஐயோ, திரும்பவும் ஏறுது!" என்று அலறினாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். அம்மா மடியில் கண்மூடிக் கிடந்த பிள்ளை, "அப்பா, கூட்டாதப்பா" என்றாள். ஜன்னியில் பிதற்றுகிறாள் என்று ஜெசி நினைத்தாள். மேலே நான் செய்தது கீழே இருக்கிற யாருக்கும் தெரியாது.

அந்தப் புராசசர் இப்போதும் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை, வாங்குகிறவன் வீட்டிலும் பிள்ளை இருக்கும். ஒருநாள் உடைக்கச் சுத்தியலை ஓங்கினேன், உடைத்தால் ஷைனிக்கு என்ன ஆகுமோ என்று பயந்து கீழே வைத்துவிட்டேன்.

ஷைனிக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் சாதாரணக் காய்ச்சல். ஜெசி தண்ணீர் எடுக்க எழுந்து போனதும் என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னாள்: "வேலைய சீக்கிரம் முடிச்சிருங்கப்பா. நான் பொறுத்துக்கிடுதேன். அம்மாட்ட இதுவரைக்கும் சொல்லல."

அப்போது மேலே கம்ப்யூட்டரே ஓடவில்லை, எங்கள் சந்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.