நான் எழுதாமல் விட்ட வரி

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். நாலு வருஷத்துக்கு முன்பு, ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த ஒரு அம்மா உயில் எழுத வந்தார். கூடவே முப்பது வயது மகள் செல்வி, மனவளர்ச்சி குன்றியவள். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். அம்மா வேலை முடிந்து வந்ததும் கதவைத் திறந்துவிடுவது அவள் பொறுப்பாம்.

"வீட்டை மகன் பேருக்கே எழுதுங்கய்யா. ஆனா செல்வி இருக்குற வரைக்கும் அங்கதான் இருப்பான்னு ஒரு வரி சேத்துருங்க" என்றார்.

மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"பெத்த மகனைச் சந்தேகப்படுற மாதிரி இருக்கும்மா. அவரு பாத்துக்கிடுவாரு" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் மகளையே பார்த்தார். பிறகு அந்த வரி இல்லாத உயிலிலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பச் சண்டையைத் தடுத்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

போன மாதம் வேறொரு வேலையாகக் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காப்பகத்துக்குப் போனேன். வராந்தாவில் செல்வி உட்கார்ந்திருந்தாள். அம்மா இறந்த மறுவருஷமே அண்ணன் வீட்டை விற்றுவிட்டு அவளை இங்கே சேர்த்துவிட்டாராம்.

என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். கழுத்தில் அதே சாவி.

"வக்கீலய்யா, வீட்டுக்குப் போவமா? அம்மா வெளிய நிக்கும். நாந்தான தொறக்கணும்?"

இப்போதெல்லாம் இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் உயில் எழுத வந்தால், கேட்பதற்கு முன்பே அந்த வரியை எழுதிவிடுகிறேன். கேட்டவருக்குத்தான் எழுதவில்லை.