நாய்த்துரை வந்தால் எழக்கூடாது

வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குத் திரும்பியபோது வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுபோனார்கள். சுவரில் மாட்டியிருந்த மான் கொம்புகளைக் கொண்டுபோனார்கள். ஒரு துரைசாணி பியானோவையே மரப்பெட்டியில் அடைத்து லொறியில் ஏற்றினாள். நாய்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. பெரகல சந்திக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலுமாக நாலு நாய்கள் மிஞ்சின. நாலும் பங்களா நாய்கள். எழுந்து நின்றால் நம் இடுப்புக்கு வரும். எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவை.

புதுத் துரை வருவதற்குள் இவற்றை யாராவது வளர்க்க எடுத்துக்கொள்ள வேண்டும், மிஞ்சுவதைக் காவல்கார வாச்சர் சுட்டுவிடுவான் என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் முடிவு செய்தார். அதுவரை நாய்கள் பழைய குதிரை லாயத்தில் இருக்கட்டும் என்றார். லாயம் பிள்ளைக் காம்பராவை ஒட்டி இருந்தது. பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே ஆயாவாக இருந்தவள் நான். அதனால் நாய்களும் என் தலையில் விழுந்தன.

"புள்ள பாக்குறவளுக்கு நாய் பாக்கத் தெரியாதா?" என்றார் கிளாக்கர்.

"புள்ளைகளுக்குப் பால்மா வேணும்னு எத்தன தடவ கேட்டேன், அது வரல. நாய் மட்டும் ஒடனே வந்துருச்சுங்களா ஐயா?" என்றேன்.

அவர் மேசையில் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மூக்கிலேயே இருந்தது.

உண்மையைச் சொல்வதென்றால் அந்த நாய்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது. மாவுக்கு வரிசையில் நின்று, அதுவும் கிடைக்காமல், கீரையை அவித்துத் தின்று பிழைத்துக்கொண்டிருந்தோம். இதுகளோ கிழமைதோறும் மாட்டிறைச்சி தின்று வளர்ந்த ஜென்மங்கள். பண்டாரவளையில் இறைச்சிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் பங்களாக்களுக்கு அந்த இறைச்சியை அனுப்பிக்கொண்டிருந்தார். துரைமார் போனபின் இறைச்சி நின்றுவிட்டது. நான் போய்க் கேட்டதும் எலும்புகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட ஒப்புக்கொண்டார்.

"வீட்டுக்கு நாய எடுக்க ஏலா தங்கச்சி. ஆனா எலும்பு குடுக்க ஏலும்தானே? எலும்பு கூட குடுக்க ஏலாட்டி நான் என்னத்துக்கு கடை வெச்சிருக்கன்?" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

பெரிய நாய் என்றாலே பயப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆசைப்பட்டுத்தான் வந்தார்கள். முதலில் போனது மஞ்சள் நிறத் தடியன். அவனுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் இரண்டே வகை: தின்றது, இன்னும் தின்னாதது. சவர்க்காரத்தைத் தின்றான், என் செருப்பைத் தின்றான், கிளாக்கரின் குடைப்பிடியையும் பாதி தின்றான். பெரகல சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர், கள்ளன் பயத்துக்கு நாய் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை வழியில் பார்த்து விசாரித்தேன். "கள்ளன் வாறதில்லம்மா. உள்ள இருக்கிற கள்ளனே போதும். தட்டு வடையக் காணோம்" என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை. லொறிக்காரர்கள் தடியனைப் பார்க்கவே வண்டியை நிறுத்துகிறார்களாம்.

இரண்டாவது, காது விடைத்த பெண்நாய். ஓநாய்க்குச் சொந்தக்காரி மாதிரி இருப்பாள். யார் வந்தாலும் மாமியார் மருமகளைப் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்ப்பாள். அவளை, ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி கேட்டு வாங்கினார். துரை இல்லாத தோட்டத்தில் தானே துரை என்ற நினைப்பு அவருக்கு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பிடித்தபடி ரோட்டில் நடந்தார். சம்பள நாளன்று கள்ளுக்கடையிலிருந்து ஆடிக்கொண்டு வந்தவரை அவள் வீட்டுக்குள் விடவில்லை. அவர் பெண்சாதி உள்ளே இருந்துகொண்டே, "நல்லா காவல் காக்குது, விடுங்க" என்றாளாம். கங்காணி கோழிக்கூட்டுப் பக்கம் படுத்தார். அந்த அம்மாள் அதன் பிறகு நாய்க்கு முதல் சோறு வைத்துவிட்டுத்தான் புருஷனுக்கு வைத்தாள்.

மூன்றாவது, முகமெல்லாம் சுருக்கம் விழுந்தவன். பார்த்தால் இழவு வீட்டிலிருந்து வருகிறவன் போல இருப்பான். பழகினால் அவனைப் போலக் கூத்தாடியைப் பார்க்க முடியாது. எச்சில் வடிய வடிய எல்லார் மேலும் ஏறுவான். மலைக்குக் கீழே மரவள்ளித் தோட்டம் வைத்திருந்த சிங்களக் குடும்பம் ஒன்று, காட்டுப்பன்றி விரட்ட அவனைக் கொண்டுபோனது. அவன் பன்றியோடு சேர்ந்துகொண்டு கிழங்கு தோண்டியதாகக் கேள்விப்பட்டேன்.

மிஞ்சினான் நாலாவது. எங்கள் துரையின் சொந்த நாய், சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம். தோட்டத்தில் பெரியதுரை, சின்னதுரை என்று இரண்டு பேர் இருந்ததால் இவனை நாய்த்துரை என்றோம். பேச்சில்கூட "வாங்க, போங்க" தான். அவ்வளவு பெரிய உடம்பில் கடுகளவு தைரியம் கிடையாது. கோழிக்குப் பயம், விரித்த குடைக்குப் பயம், இடிக்கு மட்டுமல்ல, இடி இடிக்கப் போகிறது என்ற எண்ணத்துக்கே பயம். பயம் வந்தால் பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடிவந்து குழந்தைகள் நடுவில் படுத்துக்கொள்வான். மூடுபனிக் காலத்தில் குழந்தைகள் அவன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தூங்கின. பால் கொடுக்க வந்த தாய்மார் முதல் நாள் கூச்சல் போட்டார்கள். பிறகு, "எம் புள்ளைய அந்த வயித்துப் பக்கமா போடு, அங்கதான் சூடு" என்று இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கிழமையில்தான் எனக்கு அவன் மேல் உயிராகிவிட்டது. இவனை மட்டும் சுட விடக்கூடாது என்று நினைத்தேன்.

நினைத்தால் போதுமா? பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவன் வாயைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு போய்விட்டார்கள். "இதுக்குப் பதிலா ஒரு மாடு வளத்தா பாலாவது கறக்கலாம்" என்றான் ஒருவன். என் அப்பாவிடம் கேட்டேன். எங்களுக்கு இருந்தது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, முன்னால் ஓர் இஸ்தோப்புத் திண்ணை.

"அது படுத்துச்சுன்னா நாம எங்க புள்ள படுக்கிறது? ரோட்டுலயா?" என்றார் அப்பா.

நாயைச் சுட இன்னும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லிக் கிளாக்கரிடம் கெஞ்சி வைத்திருந்தேன். அப்படியிருக்கும்போது புதுத் துரை வந்து சேர்ந்தார். நம் நாட்டு மனிதர், இளவயது, மீசைகூடச் சரியாக வளரவில்லை. அவர் வந்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தப்புமேளம் அடித்ததும் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடுவோம். அங்கேதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். குளிருக்குக் குந்தியிருப்போம். துரை வந்தால் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து எழுந்து நிற்க வேண்டும், பெண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். பழைய துரை வரும்போது நாய் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஆகவே நாங்கள் துரையைப் பார்த்து எழுவதில்லை. பனியில் நாயின் தலை தெரிந்ததுமே எழுந்துவிடுவோம். எழாமல் மாட்டிக்கொண்டவனுக்கு அன்று வேலை கிடையாது. வருஷக்கணக்கில் இப்படி எழுந்து எழுந்து, அது எங்கள் காலிலேயே ஊறிவிட்டது.

துரை சீமைக்குப் போன பிறகும் நாய் லாயத்திலிருந்து பங்களாப் பாதைக்குப் போய், வளைவில் துரையைத் தேடிவிட்டு, தவறாமல் பெரட்டுக்கு வந்தது. நாங்களும் தவறாமல் எழுந்தோம். இது பைத்தியக்காரத்தனம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

புதுத் துரையின் முதல் பெரட்டு. அவர் பங்களாப் பாதையில் வராமல், ஆளோடு ஆளாகத் தொழிற்சாலைப் பக்கமிருந்து நடந்து வந்து ஓரமாக நின்றார். கம்பளிச் சட்டை போட்ட யாரோ கிளாக்கர் என்று நினைத்தோம். ஒருவரும் அசையவில்லை. அப்போது பங்களாப் பாதையில் நாய் வந்தது. பெரட்டுக்களம் முழுவதும் விறுவிறுவென்று எழுந்தது. தலைத்துண்டுகள் இறங்கின, வெற்றிலை பறந்தது. என் அப்பா கைகட்டி நின்றார். நாய்த்துரை நடுவில் வந்து, வழக்கம் போல ஒரு கொட்டாவி விட்டான்.

ஓரத்தில் நின்ற மனிதர் முன்னால் வந்தார். அவர் முகம் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் யார் என்று கங்காணிக்கு உறைத்தது.

"இந்தத் தோட்டத்துக்கு யார் துரை? நானா, நாயா?" என்று கேட்டார்.

என்ன சொல்ல முடியும்? கங்காணி கையிலிருந்த பேர்ப் புத்தகத்தைப் புரட்டினார். துரை தனக்குத் தெரிந்த தமிழில் உத்தரவு போட்டார். நாளைக்கும் இந்த நாய்க்கு ஒரு ஆள் எழுந்து நின்றாலும் அந்த இடத்திலேயே நாயைச் சுட வேண்டும். துவக்கோடு வாச்சர் வந்து நிற்க வேண்டும். நாயைக் கட்டிவைத்து ஏமாற்றக் கூடாது, அது வழக்கம் போல வர வேண்டும். அவர் சோதிக்க நினைத்தது நாயை இல்லை, எங்களை. அது எனக்கு அப்போதே புரிந்தது.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்களை லயத்து வாசலில் மறித்துக்கொண்டு அழுதேன். கத்தவும் செய்தேன். "எந்திரிக்கிறது நம்ம காலு. குண்டு அதுக்கா?" என்று கேட்டேன். பெண்கள் உடனே என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய குழந்தைகள் அந்த வயிற்றில் தூங்கியவை அல்லவா? வெளிச்சம் இருக்கும்போதே பழகிப் பார்த்துவிடுவோம் என்றார்கள். எல்லாரும் வாசலில் குந்தினார்கள். நான் லயத்து மூலையிலிருந்து நாயைக் கூட்டி வந்தேன். அத்தனை பேரும் எழுந்தார்கள்.

"உக்காருங்கய்யா!" என்று கத்தினேன்.

"நா எங்க எந்திரிச்சேன்? காலு தன்னால எந்திரிக்குது" என்றார் ஒரு பெரியவர்.

மறுபடியும் கூட்டி வந்தேன். மறுபடியும் பாதிப் பேர் எழுந்தார்கள். ஒருத்தி தன் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நான் வந்தா ஒரு நா எந்திரிச்சிருக்கியா? நாய்க்கு மட்டும் அப்படி என்னா மருவாதி?" என்றாள். வாசலெல்லாம் சிரிப்பு. நாய்க்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. நான் கூப்பிடாமலே போய்ப் போய் வந்தான். இருட்டுவதற்குள் எப்படியோ எல்லாருக்கும் உட்காரப் பழகிவிட்டது.

அப்போதுதான் கங்காணி ஒரு கேள்வி கேட்டார். "நாய் வந்தா உக்காரணும். சரி. தொரை வந்தா எந்திரிக்கணும். அதுவுஞ் சரி. ரெண்டும் ஒண்ணா வந்தா?"

"ஒங்க வாயில நல்லதே வராதா?" என்று அவர் பெண்சாதி கேட்டாள்.

காலையில் தப்பு அடித்தது. லாயத்துக் கதவைத் திறந்துவிட்டு, குறுக்குப் பாதையில் பெரட்டுக்கு ஓடினேன். எல்லாரும் குந்தியிருந்தார்கள். அப்பா முன்வரிசையில் இருந்தார். வாச்சர் துவக்கோடு நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. பங்களாப் பாதையில் பனி கலைந்தது. முதலில் நாயின் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் தொப்பி தெரிந்தது. துரை இன்று பங்களாப் பாதையிலேயே வந்திருக்கிறார். வளைவில் காத்திருந்த நாய், ஒரு துரை கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில், பழையபடி அவருக்கு முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தது.

இவர்கள் எழுந்தால் நாய் செத்தது. எழாவிட்டால் எங்கள் கதி என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? வரிசையில் கால்கள் எழத் துடிப்பதைப் பார்த்தேன். ஒருத்தி புருஷன் தோளை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கங்காணி, கீழே எதையோ தேடுகிறவர் போலப் பாதி எழுந்தார், சுற்றிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். நாய் நடுவுக்கு வந்து நின்றது. பக்கத்தில் துரை வந்து நின்றார். ஒருவரும் எழவில்லை.

"என்ன இது?" என்றார் துரை.

பதில் சொன்னது என் அப்பா. துரைமார் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. குந்தியபடியே, தலைத்துண்டை அவிழ்க்காமலே பேசினார்.

"நாய் வந்தா எந்திரிக்கக் கூடாதுன்னு ஒங்க உத்தரவுங்க தொரை. நாய் முன்னால வருது, நீங்க பின்னால வர்றீங்க. நாங்க என்னாங்க செய்யிறது?"

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். துரை எங்களைப் பார்த்தார். வாச்சரைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் கொடுத்த வார்த்தை. கடைசியில், "பேர் கூப்பிடு" என்றார் கங்காணியிடம். வாச்சர் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அப்பா லாயத்துக்கு வந்தார். கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் மாட்டினார். "வாங்க தொரை, போவோம்" என்றார். அன்றிலிருந்து அவன் தலை எங்கள் அறையிலும் உடம்பு இஸ்தோப்பிலுமாகப் படுத்தான். நாங்கள் மிச்ச இடத்தில் படுத்தோம்.

அதன் பிறகு எங்கள் பெரட்டில் யாரும் யாருக்கும் எழவில்லை. நாய்த்துரை சாகும்வரை தினமும் முன்னால் வந்தான், நாங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்திருந்தோம். நாய்க்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. துரைக்கு இருந்தது.