எல்லாம் நல்லம் என்ற நோயாளி

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்று கத்தினேன். ஐம்பது வயதில் பொது இடத்தில் கத்துவது மரியாதை இல்லைதான். ஆனால் இன்னும் கோபம் அடங்கவில்லை... அதனால் இந்த வாரப் பத்தியில் உங்களிடம்.

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் மேல் மாடி வசந்தியின் அப்பா, சின்னத்துரை ஐயா. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அரிசி வரிசையை ஒரு அதட்டலில் நேராக்கிய தொண்டை. சண்டை துரத்த, மகளிடம் வந்து சேர்ந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காலில் பாரம் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒப்பரேஷன் செய்தால் நடப்பார் என்றார் டாக்டர்.

வசந்திக்கு அன்று மத்தியானம் லீவு கிடைக்கவில்லை. சூப் போத்தலோடு நான் போனேன்.

ஐயா சிரித்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் குவளை கட்டில் பக்கத்து அலுமாரியின் அந்தக் கோடியில். அவர் கை எட்டாது. காலைச் சாப்பாடு மூடியபடியே இருந்தது. சூப் கொடுக்கலாம் என்று முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். பல்லைக் கடித்தார். என் கை ஈரமாக வந்தது... நாற்றமும் வந்தது.

படுக்கைப் புண். உள்ளங்கை அகலத்துக்கு.

அங்கேதான் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார். சின்னப் பிள்ளை, கண்ணில் நித்திரையில்லாத சிவப்பு. புண்ணைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“சீயாவிடம் தினமும் கேட்கிறேனே,” என்றார் சிங்களத்தில். “வலியா, சாப்பிட்டீர்களா, எது கேட்டாலும் ‘ஹொந்தாய்’ என்கிறார். இவ்வளவு பேருக்கும் நாங்கள் இரண்டு பேர், மாத்தயா.”

சீயா என்றால் தாத்தா. ஹொந்தாய் என்றால் நல்லம். எல்லாம் நல்லமாம்!

ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு குவளையை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளி வைக்க எத்தனை ஆள் வேண்டும்? அசைய முடியாத கிழவரைக் கட்டில் காலடியில் நின்று ‘எப்படி’ என்று கேட்டால் போதுமா? திருப்பிப் படுக்க வைக்க வேண்டாமா? முதுகைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? மூடியைத் திறந்தால் தெரியும், சாப்பிட்டாரா இல்லையா என்று. இதற்கெல்லாம் பாஷை எதற்கு? இத்தனை தமிழர் வந்து படுக்கிற ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒருவரைப் போடாத பெரியவர்களை என்னவென்று சொல்ல?

நர்ஸ் போனபிறகு ஐயாவிடம் குனிந்தேன்.

“ஏன் ஐயா சொல்லேல்லை?”

“மெல்லமாக் கதையுங்கோ தம்பி.” பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினார். “அந்தாளின்ர மகன் ஆமி. உடுப்போட வந்து போறவர். வாயைத் திறக்காதேங்கோ, கேட்டா ஹொந்தாய் எண்டு சிரியுங்கோ எண்டு வசந்தி சொன்னவள்.”

எனக்குத் தெரிந்த பாடம்தான் அது. வடக்கிலிருந்து வந்து இறங்குகிற ஒவ்வொரு கிழடுக்கும் எங்கள் வீடுகளில் முதல் நாளே சொல்லிக் கொடுப்போம். செக்பொயின்டில் அடையாள அட்டையைக் கொடு, சிரி, ஹொந்தாய் சொல், வேறு ஒன்றும் கதைக்காதே. கொழும்பின் காலி வீதிச் செக்பொயின்டுகளில் உயிரைக் காத்த பாடம். அதையே கட்டிலுக்கும் அனுப்பிவிட்டோம். தெருவில் பயப்படுவது சரி... முதுகு அழுகும்போதும் பயப்பட வேண்டுமா? இந்த நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்த சண்டையும் நாசமாய்ப் போக.

ராணுவத்தில் இருக்கும் அந்த மகனாவது ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். ஒருநாள் தோடம்பழம் உரித்து நீட்டினாராம். ஐயா ‘ஹொந்தாய்’ என்று சிரித்துவிட்டு, பயத்தில் வாங்கவில்லை.

பின்னேரம் டாக்டர் வந்து பார்த்தார். புண் ஆறாமல் ஒப்பரேஷன் இல்லை என்றார். எப்போது ஆறும்? சொல்ல முடியாது என்றார். இந்த வயதில் கிடந்தபடி கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், பிறகு நடப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வசந்தி வேலை முடிந்து ஓடி வந்தாள். அவளையும் விடவில்லை.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்?”

“பயத்திலதான் அண்ணை சொன்னனான்,” என்று அழுதாள். “போன மாசம் பக்கத்து ஃபிளாட் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எல்லோ.”

கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு ஐயாவுக்கு ஒரு சொல் படிப்பித்தேன். ரிதெனவா — வலிக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். சொன்னார், மெதுவாக, வாய்க்குள்ளேயே.

நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தார். இந்த முறை காலடியில் நிற்கவில்லை. தலைமாட்டுக்கே வந்து குனிந்து, எப்படி, வலிக்கிறதா என்று கேட்டார்.

“கொஹொமத சீயா? ரிதெனவாத?”

ஐயா முகத்தைத் திருப்பி வசந்தியைப் பார்த்தார். வசந்தி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், பிறகு சரி என்று தலையை அசைத்தாள்.

“ரிதெனவா,” என்றார் ஐயா.

மகள் அனுமதி கொடுத்த பிறகுதான் அந்த மனிதருக்கு வலித்தது.