பாதிப் பேப்பர் வக்கீல்

போன வாரம் முகம் வழிக்கப் போயிருந்தேன். இப்போதெல்லாம் சலூனில் டிவி ஓடுகிறது. சிவப்புப் பட்டையில் யாருக்கோ முன்ஜாமீன் என்று ஒரு செய்தி ஓடியது. வழித்துக்கொண்டிருந்தவர், "பெரியவரே, முன்ஜாமீன்னா இன்னா?" என்று கேட்டார். என்னிடம் ஒருவர் சட்டம் கேட்டு எவ்வளவு காலமாகிறது! தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் மேலுதட்டில் நுரையைப் பூசிவிட்டார். துடைத்து முடிப்பதற்குள் அவருடைய செல்போனே பதில் சொல்லிவிட்டது. சில பேரைக் கர்த்தர் நுரையால் காப்பாற்றுகிறார்.

ஆனால் அந்தச் சோப்பு வாசனை இருக்கிறதே, அது என்னை நேரே செஞ்சிக் கடைத்தெருவில் முனுசாமியின் சலூனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. சீனாக்காரன் சண்டை ஓய்ந்திருந்த சமயம். நான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடும் வேலையில் இருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் கடைசி வருஷம் வகுப்பில் இருந்ததைவிடக் கோட்டையில் ராஜகிரிப் பாறைமேல் இருந்தது அதிகம். ஆனாலும் தடங்கல் இல்லாமல் பேப்பர் படிப்பேன். சலூனில் எனக்கென்று ஒரு ஸ்டூல், எனக்கென்று ஒரு பெயர்: வக்கீலு.

அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கும். முதலில் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் படிப்பார். மறுநாள்தான் சலூனுக்கு வரும். முனுசாமிக்குக் கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைக்கக் காகிதம் வேண்டும். தலைவர்கள் படம் மேல்பாதியில் இருக்கும், அதில் துடைக்க அவருக்கு மனசு வராது. "பெரிய மனுசன் மூஞ்சில மசுரத் தொடைக்கறதா?" என்பார். அதனால் கீழ்பாதியைத்தான் கிழிப்பார். நான் போய் உட்காரும்போது தலைப்பும் தலைவரும் இருப்பார்கள், சங்கதி போயிருக்கும். மிச்சத்தை நான் சொல்லுவேன்.

எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அப்பீல் மனு என்று தலைப்பு வந்தால், "அப்பீல் போட்டுட்டாரு இல்ல, இனி தீர்ப்பு வர வரைக்கும் வூட்ல கோழிக் கொழம்பு சாப்டலாம்" என்பேன். அவர் உள்ளே களி தின்றுகொண்டிருந்திருப்பார். யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

அப்படி ஒரு காலையில்தான், பதினாலு காரட்டுக்கு மேல் நகை கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. சர்க்காரின் தங்கக் கட்டுப்பாடு. அதற்குக் கீழே வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"புதுசா செய்யறதுக்குத்தான வக்கீலு? பழசுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார் சிங்கவரம் வண்டிக்காரர் ஒருவர்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அப்போது எனக்குப் பழக்கமில்லை.

"புதுசுக்கே கூடாதுன்றான், பழச மட்டும் சும்மா வுடுவானா?"

"அப்போ கழுத்துல போட்டுக்கினு ரோட்ல போனா?"

"புடிப்பான்."

"தாலியக்கூடவா?"

"தாலி இன்னா, தகரமா? அதுவும் தங்கந்தான?"

காத்திருந்தவர்கள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு காலம் பிறப்பதற்குள் எனக்கே கல்யாணம் வைத்திருந்தது அந்த நிமிஷம் நினைவிலேயே இல்லை.

பெண் ஆரோக்கியமேரி. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பக்கத்துக் கிராமம். தாயில்லாத பிள்ளை. அப்பாவின் அக்கா சவரியம்மாள்தான் வளர்த்தாள். அந்த அம்மாள் விதவை. அறுத்த தாலியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவள், "இத உருக்கிப் புதுசா செஞ்சி எம்பொண்ணுக்குக் கட்டு" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் செலவு அது. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் அழகைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, அதிலும் குறைவுதான்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், இது நடக்கக் கூடாதென்று காரணம் அறிந்தவர்கள் உடனே அறிவிக்க வேண்டும், மறைத்தால் பாவம். அதுவும் ஒரு சட்டம்தான். இரண்டாம் ஓலை வாசித்த அன்று நான் வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். பூசை முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து, "சாமி கூப்புடறாரு" என்றார்.

பூசை உடுப்பு மாற்றும் அறையில் பங்குச் சாமியாருக்கு எதிரே சவரியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு அழுதபடி நின்றாள்.

"இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு ஒரு காரணம் எனக்குத் தெரிஞ்சிப் போச்சி சாமி. தெரிஞ்சி சொல்லாம இருந்தா பாவம்னு வாசிச்சீங்களே."

"என்ன காரணம்? மாப்பிள்ளைக்கு வேறே சம்சாரம் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல சாமி, அந்தளவுக்கு இதுக்குச் சாமர்த்தியம் பத்தாது. கவர்மெண்டு சங்கதி. தங்கத்துல தாலி கட்டுனா போலீசு பொண்ண இட்டுக்கினு பூடுமாம். செஞ்சில ஒரு வக்கீலு பேப்பரப் பாத்துச் சொன்னாராம்."

"எந்த வக்கீல்?"

"சலூன்ல உக்காந்து சொல்லுவாராம். பெரிய படிப்பாம்."

கோயில்பிள்ளை மெழுகுவத்தி அணைக்கும் கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "அந்த வக்கீலு இதோ நிக்கறாரே ஆயா, மல்லாட்டை வாசனையோட."

சவரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவி, நீதானாடா அது! ஒன் வாயில மண்ணப் போட! தாலியக் கொண்டாந்து புதங்கிழமையே மாதா உண்டியல்ல போட்டுட்டேனே. போலீசுக்குப் போறதுக்கு மாதாவுக்குப் போவட்டும்னு."

 இருந்த தங்கம் அது ஒன்றுதான். புதிதாகச் செய்யப் பத்தரும் பயந்துகொண்டு பட்டறையை மூடியிருந்தார். விபூதிப் புதனோடு தபசு பிறந்துவிட்டால் ஈஸ்டர் பாஸ்கு முடியும்வரை கல்யாணம் இல்லை. அதுவரை பெண் வீட்டார் இந்த வக்கீலுக்காகக் காத்திருப்பார்களா என்பது எனக்கே சந்தேகம்.

சாமியார் தன் மேசையிலிருந்து பேப்பரை எடுத்தார். முழுப் பேப்பர்! கீழ்பாதியோடு ஒரு பேப்பரை நான் அருகில் பார்த்ததே அன்றுதான். படித்துக் காட்டினார். இருக்கும் நகையைச் சர்க்கார் தொடாது. புதிதாகச் செய்வதற்குத்தான் கட்டுப்பாடு. நகையாக இல்லாத தங்கத்துக்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

"உருக்காம அப்படியே கட்டினா ஒரு குற்றமும் இல்லை" என்று சொல்லி உண்டியல் சாவியை எடுத்தார்.

சவரியம்மாள் தலையை ஆட்டினாள். "மாதாவுக்குக் குடுத்தது குடுத்ததுதான் சாமி. திருப்பிக் கேக்கக் கூடாது."

"கானாவூர்க் கல்யாணத்துல திராட்சை ரசம் இல்லைன்னு மகன்கிட்டப் போய் நின்னது யாரு? மாதாதானே? தாலி இல்லைன்னா பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்களா? நீங்க கேக்க வேணாம், அவங்களே குடுக்கறாங்க."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிச் சொன்னாள்: "அறுத்த தாலி சாமி. உருக்காம அப்படியே எம்பொண்ணு கழுத்துல ஏறுனா ஆவாது."

கதவுக்கு வெளியே நின்றிருந்த ஆரோக்கியமேரி அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் குரலை நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. "ஆவும் அத்த. மாதா கைக்குப் போய்ட்டு வருதில்ல?"

அந்தத் தாலியைத்தான் கட்டினேன். சாமியார் எனக்கு ஒரு தண்டனையும் வைத்தார். மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று அந்தச் செய்தி முழுவதையும் ஒரு வரி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். படித்தேன். பிரசங்கத்தைவிட நீளம். வேர்த்துக் கொட்டியது. "வக்கீலு, கீழ்பாதியும் உண்டா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், பெண்கள் பக்கத்தில் முந்தானைக்குள் ஒளித்திருந்த சங்கிலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எத்தனை வீட்டைப் பயமுறுத்தியிருக்கிறேன் பாருங்கள்.

அந்தச் சட்டமும் சில வருஷத்தில் தளர்ந்து போயிற்று. முனுசாமியின் சலூன் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. சவரியம்மாள் மாதாவின் சந்நிதிக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. என் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரிக்கும்போதெல்லாம் அவளிடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமென்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஓலையில் கேட்டார்கள், அவளுக்குத் தெரிந்திருந்தது, போய்ச் சொன்னாள்.

இப்போதும் ஓலை வாசிக்கிறார்கள், மைக்கில். அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று முடித்துவிட்டுச் சாமியார் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். யாராவது எழுகிறார்களா என்று நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். பாதிப் பேர் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள்.