யன்னலோரம் அரக்கிய தொட்டி

குருநகர் கிறகோரி முப்பது வருசம் சூள் வெளிச்சத்தில் மீன் பிடித்தவன். காய்ந்த தென்னோலையைக் கட்டிக் கொளுத்திக்கொண்டு இடுப்பளவு கடலில் நடந்தால் வெளிச்சத்துக்கு மீன் வரும். சோறு போட்டது அந்த வெளிச்சம். கண்ணைத் தின்றது அதன் புகை என்று அவன் மனைவி மக்டலீன் சொல்வாள். மானிப்பாய் ஆஸ்பத்திரி டொக்குத்தர் புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இது வெட்டி எடுக்கிற கண்பூ இல்லை. உள்நரம்பு பட்டுக்கொண்டு வருது. இருக்கிற பார்வை இருக்குமட்டும் இருக்கும்."

அதை அவன் மக்டலீனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கடலுக்குப் போவதை விட்டான். ஜேர்மன் சண்டை தொடங்கிய வருசம் அது. பட்டணத்தில், வழக்குப் பேசுகிற பிறக்கிறாசி தில்லைநாதன் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து ரயிலில் ஆறு தங்கமீன்கள் வந்திருந்தன. கடல்காரனுக்கு மீனைத் தெரியும் என்று இவனை வேலைக்கு வைத்தார்கள்.

"ஆறு மீனைப் பார்க்கச் சம்பளமோ! கடலிலை கிடக்கிறதை ஆர் பார்க்கினம்?" என்று மக்டலீன் சிரித்தாள்.

கண்ணாடித் தொட்டி ஹோலில், யன்னலை விட்டு எட்டத்தில், ஒரு மேசைமேல் இருந்தது. தில்லைநாதன் ஐயாவின் மனைவி பத்மாவதி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"காலமை வெயில் இரண்டு மணித்தியாலம் சாடையாப் பட்டாப் போதும். கூடினாப் பாசி பிடிச்சுத் தண்ணி பச்சையாப் போகும். சூடும் ஏறும். தொட்டியை யன்னல் பக்கம் அரக்கிப்போடாதை."

"மீன் வெளிச்சத்தைத் தேடி வாற சாதியம்மா."

"அது உன்ரை கடலிலை. அங்கை அதுக்கு ஓட இடமிருக்கு."

தை மாதம் அவள் பிள்ளைப்பேற்றுக்குத் தெல்லிப்பழைத் தாய்வீட்டுக்குப் போனாள். ஐயா மீனைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு காலையும் கிறகோரி வாளியை வைத்துவிட்டு எண்ணுவான். ஆறு. எண்ணிப் பார்த்தது மீனை அல்ல, கண்ணை. ஆறு வரும்வரை வேலை உண்டு. மக்டலீனின் கையைப் பிடிக்காமல் நடக்கிற நடை உண்டு.

ஒருநாள் ஐந்து வந்தது. மறுபடி எண்ணினான். ஐந்துதான். மேசையை ஒரு சாண் யன்னல் பக்கம் அரக்கினான். ஆறு! நெருப்புத் துண்டுகள் மாதிரி. மாசியில் மறுபடி ஐந்து, இன்னொரு சாண். பங்குனியில் நாலுக்கு இறங்கியபோது மேசை சுவரில் முட்டியிருந்தது.

தண்ணீர் பச்சையாகியிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. உலகமே மங்கிக்கொண்டு வந்தது, தொட்டியும் சேர்ந்து மங்கியது. கண்ணாடி கைக்கு வழுவழுத்தது. கடலில் கல்லும் அப்படித்தானே என்று விட்டான்.

"இஞ்சேரும், அந்த வீட்டிலை சொல்லிப்போட்டு வாருமன்" என்றாள் மக்டலீன். "ஒருநாளைக்குத் தெரியத்தானே போகுது."

"இன்னும் எண்ணுப்படுதடி."

"எத்தினை?"

அவன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டான்.

சித்திரையில் இரண்டாயிற்று. அம்மா பிள்ளையோடு பின்னேரம் வருகிறா என்று ஐயா சொல்லிவிட்டு வழக்குப் பேசக் கோட்டுக்குப் போனார். வந்ததும் மீனைத்தான் கேட்பா. கிறகோரி தண்ணீரைப் பாதி இறைத்துப் பாரம் குறைத்தான். யன்னலை விரியத் திறந்தான். தொட்டியைத் தூக்கி வெயில் விழுகிற யன்னல் படியில் வைத்துவிட்டு, பூமரங்களுக்குத் தண்ணீர் விடப் போனான்.

பின்னேரம் கார்ச்சத்தம் கேட்டு ஓடிவந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. விரலை நீட்டி மெதுவாய் எண்ணினான். ஆறு. எல்லாம் மேலே வந்து, அசையாமல், எண்ணுவதற்கென்றே நின்றன. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"ஆறும் நிக்குதம்மா! வந்து பாருங்கோ, வெளிச்சத்துக்கு மேலை வந்து நிக்குது!"

பத்மாவதியின் காலடி பக்கத்தில் வந்து நின்றது. பிள்ளை சிணுங்கியது.

"ஆறுதானே, அம்மா?"

அவன் முகத்துக்கு முன்னால் ஒரு நிழல் இரண்டு தரம் போய்வந்தது. அது அவளுடைய கை என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் சென்றது.